வாரண்டு இன்றி வீட்டுச் சோதனை: எப்பொழுது, எவரால், எவ்வாறு?

போலீஸார் வாரண்டு இல்லாமல் ஒரு வீட்டினுள் நுழைந்து சோதனையிடலாமா என்னும் கேள்விக்கு நம் தோட்டங்களில் இருவகை விடைகள் வழங்கி வருகின்றன. "வாரண்டு இல்லாவிட்டால் வாசற்படியையும் மிதிக்கக் கூடாது" என்பார் ஒரு சாரார். "அவர்கள் போலீஸார், நினைத்த நேரத்தில் வரலாம், நினைத்ததைச் செய்யலாம், அதிலும் அவசரகாலம் என்றால் கேட்பாரே இல்லை" என்பார் மற்றொரு சாரார். இவ்விரண்டும் பிழையான எண்ணங்களே. முதல் விடையை நம்பி வாசலில் மறித்து நிற்பவர், வீட்டில் குற்றப்பொருள் எதுவும் இல்லாதிருந்தும், அரசாங்க ஊழியரின் கடமையைத் தடுத்த குற்றத்திற்கு ஆளாகிவிடலாம். இரண்டாம் விடையை நம்புபவரோ, சட்டம் தமக்கு அளித்திருக்கும் உரிமையை வாய்திறந்து கேட்காமலேயே இழந்துவிடுவார். நாம் பார்த்த அளவில் இந்த இரண்டாவது இழப்பே தோட்டங்களில் மிகுதி.

ஆகவே, சாதாரணக் காலத்தில் சட்டம் கூறுவது யாது, அவசரகாலம் பிறக்கும்பொழுது அதில் எது மாறுகிறது, எது மாறாமல் நிற்கிறது என்பவற்றை இங்கே எடுத்துரைக்க விரும்புகிறோம்.

நம் நாட்டில் போலீஸாரும் நீதிமன்றங்களும் ஒரு குற்றத்தைக் கையாள வேண்டிய முறையைக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் வகுத்துள்ளது. அதன் பொது விதிப்படி, ஒரு வீட்டைச் சோதனையிட வேண்டுமானால் நீதிமன்றம் அதற்கு எழுத்து மூலம் ஆணை பிறப்பிக்க வேண்டும். அதுவே சோதனை வாரண்டு. போலீஸார் தம்மிடம் உள்ள தகவலை மாஜிஸ்திரேட்டின்முன் வைக்கிறார்கள். அவர் அதனை எடைபோட்டுப் பார்த்துப் போதிய காரணம் உண்டென்று கண்டால் கையொப்பமிடுகிறார். வீட்டிற்குள் நுழைய விரும்புபவர் ஒருவர். நுழையலாமா என்று தீர்மானிப்பவர் வேறொருவர். வாரண்டின் பயன் முழுவதும் இந்தப் பிரிவினையில் அடங்கியிருக்கிறது.

ஆனால் மாஜிஸ்திரேட் இருப்பது பட்டணத்தில். தோட்டமோ செம்மண் சாலையில் பல மைல் உள்ளே இருக்கிறது. வாரண்டு பெற்றுத் திரும்புவதற்குள் தேடப்படும் பொருள் கைமாறிவிடுமானால் என்செய்வது? இந்த நெருக்கடியை எண்ணியே சட்டம் சில விதிவிலக்குகளை வைத்திருக்கிறது. தோட்டங்களில் நிகழக்கூடிய ஓர் உதாரணத்தைக் கொண்டு இதனை விளக்குவோம்.

தோட்டத்து ஸ்டோரிலிருந்து ரப்பர் ஷீட்டுகள் களவு போய்விட்டன என்று வைத்துக்கொள்வோம். அவை இன்ன லயத்தில் இன்ன வீட்டில் மறைத்து வைக்கப்பட்டுள்ளன என்று போலீஸாருக்குத் தகவல் கிடைக்கிறது. இத்தகைய சமயத்தில் நடைமுறைச் சட்டத்தின் 62ஆம் பிரிவு வாரண்டு இன்றிச் சோதனையிட இடமளிக்கிறது. எனினும் அப்பிரிவை ஊன்றிப் படித்தால் அது திறந்துவிட்ட வாசல் எவ்வளவு குறுகியது என்பது புலனாகும். தகவல் கிடைத்த அதிகாரி இன்ஸ்பெக்டர் பதவிக்குக் குறையாதவராக இருக்க வேண்டும். வாரண்டு பெறுவதில் ஏற்படும் தாமதத்தால் பொருள் அகற்றப்பட்டுவிடும் என்று நம்புவதற்கு அவரிடம் தக்க காரணம் இருக்க வேண்டும். தேடுவது குறிப்பிட்ட இடத்தில், குறிப்பிட்ட பொருளுக்காக மட்டுமே. காணாமற்போன பொருள்களின் பட்டியல் முன்னதாகவே அதிகாரியிடம் கொடுக்கப்பட வேண்டும். பொருளை இழந்தவரோ அவருடைய பிரதிநிதியோ சோதனையில் உடன் வர வேண்டும்.

இதிலிருந்து இரண்டு செய்திகள் விளங்கும். ஒரு வீட்டைப் பற்றிக் கிடைத்த தகவலைக் கொண்டு, லயத்தின் முதல் கதவு தொடங்கிக் கடைசிக் கதவு வரை வரிசையாகத் திறந்து பார்த்துச் செல்வதற்கு இப்பிரிவு அதிகாரம் தரவில்லை. அடுத்து, போலீஸாருடன் கிராணியோ நிர்வாகியோ வந்து நின்றால், பொருளை இழந்த தரப்பினர் என்ற முறையில் அடையாளம் காட்டவே அவர் வந்திருக்கிறார். சோதனையிடும் அதிகாரம் அவருக்கு இல்லை. தோட்டத்து ஜாகாவுக்கும் இதே நிலைதான். நிறுவனத்தின் காவலாளி, தாமாகவே ஒரு தொழிலாளியின் வீட்டில் புகுந்து அலமாரியைத் திறக்க எந்தச் சட்டமும் அவருக்கு அனுமதி தரவில்லை.

வேறு விதிவிலக்குகளும் உள்ளன. கைது செய்யப்பட வேண்டிய ஒருவர் ஒரு வீட்டினுள் புகுந்திருக்கிறார் என்று நம்பக் காரணம் இருந்தால், அவ்வீட்டார் போலீஸாருக்கு வழிவிட வேண்டும் என்கிறது 16ஆம் பிரிவு. கதவை உடைப்பதற்கும் அதில் இடமுண்டு; ஆயினும் தாம் யார், எதற்காக வந்துள்ளோம் என்பதை அறிவித்து, திறக்குமாறு கேட்டு, அதன் பிறகும் உள்ளே செல்ல முடியாவிட்டால்தான். ஒரு வழக்கைப் புலனாய்வு செய்யும் அதிகாரி, தமக்குத் தேவையான பத்திரத்தையோ பொருளையோ சம்மன் அனுப்பிக் கேட்டால் உரியவர் கொடுக்க மாட்டார் என்று நம்பக் காரணம் இருந்தால், 116ஆம் பிரிவின்படி அதனைத் தேடிச் சோதனையிடலாம். போதைப்பொருள் விஷயத்தில் 1952ஆம் ஆண்டின் அபாயகர மருந்துச் சட்டம் தனியாக அதிகாரம் அளித்துள்ளது. அங்கும் இன்ஸ்பெக்டர் பதவி, தாமதத்தால் சோதனையின் நோக்கம் கெட்டுவிடும் என்ற நம்பிக்கை ஆகிய அதே இரு நிபந்தனைகள்தாம்.

இவற்றையெல்லாம் ஒருசேர வைத்துப் பார்த்தால், வாரண்டு இல்லாமை என்பது சட்டம் இல்லாமை ஆகாது என்பது தெளிவாகும். மாஜிஸ்திரேட் செய்ய வேண்டிய எடைபோடுதலைச் சட்டம் அந்நேரத்திற்கு மட்டும் ஒரு பொறுப்புள்ள போலீஸ் அதிகாரியிடம் ஒப்படைக்கிறது. "ஏன் காத்திருக்க முடியவில்லை?" என்பதற்கு அவர் பின்னர் நீதிமன்றத்தில் விடை கூற வேண்டியவராகிறார்.

அவசரகாலம் என்னும் பழைய நினைவு

இனி அவசரகாலத்திற்கு வருவோம். "கேட்பாரே இல்லை" என்று நம் முதியவர்கள் கூறுவது வெறும் அச்சத்தால் எழுந்த பேச்சன்று. அதற்கு ஒரு வரலாறு உண்டு. அந்த வரலாறு பெரும்பாலும் ரப்பர் தோட்டங்களிலேயே நிகழ்ந்தது.

1948ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள் பேராக், சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஐரோப்பியத் தோட்ட அதிகாரிகள் மூவர் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து, இரண்டு நாள்களுக்குள் மலாயா முழுவதும் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அது 1960ஆம் ஆண்டு ஜூலை 31ஆம் நாள் வரை, பன்னிரண்டு ஆண்டுகள் நீடித்தது. அக்காலத்து அவசரகால விதிகளின்கீழ் போலீஸாரும் படையினரும் வாரண்டு இன்றி வீடுகளில் நுழைந்து சோதிக்க முடிந்தது. ஒரு குடியிருப்பை விடியுமுன் வளைத்துக்கொண்டு, ஒரு வீடும் விடாமல் தேடுவது வழக்கமான நடவடிக்கையாக இருந்தது. பன்னிரண்டு வயது நிறைந்த ஒவ்வொருவரும் பெயரைப் பதிந்துகொண்டு அடையாளக் கார்டு பெற வேண்டியதாயிற்று. 1950ஆம் ஆண்டு முதல் ஏறத்தாழ 5 இலட்சம் பேர் புதுக்கிராமங்களில் குடியேற்றப்பட்டனர். தோட்டங்களிலும் சிதறிக் கிடந்த லயங்கள் ஓரிடத்தில் சேர்க்கப்பட்டு முள்வேலிக்குள் அடங்கின.

வீட்டைவிட வாயிலில் நடந்த சோதனையே மக்களின் மனத்தில் ஆழப் பதிந்தது எனலாம். காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்கு உணவு போய்ச் சேரக் கூடாது என்பதற்காகக் காலையில் பால் வெட்டச் செல்வோர் வாயிலில் நிறுத்திச் சோதிக்கப்பட்டனர். ஒரு பிடி அரிசியும் வேலிக்கு வெளியே போதல் ஆகாது. கடையில் விற்கும் தகரடப்பாக்களைத் துளையிட்டே கொடுத்தார்கள். துளையிட்ட டப்பா நெடுநாள் தாங்காது. சில பகுதிகளில் வீட்டில் அரிசி வைத்துக்கொள்ளவும் தடை விதித்துப் பொதுச் சமையற்கூடத்தில் சோறாக்கி வழங்கினார்கள். சோறு மறுநாளே கெட்டுவிடும் என்பதே காரணம். வெறும் வயிற்றோடு மலைக்காட்டில் மரம் வெட்டிவிட்டுத் திரும்பிய தலைமுறை அது.

அக்காலத்தும் முறையீடு எழாமல் இல்லை. சிலாங்கூர், காஜாங் மாவட்டத்தைச் சேர்ந்த செமினியில் உணவுச் சோதனையின்பொழுது பெண்கள் நடத்தப்பட்ட விதம் குறித்துக் கடுமையான குறை எழுந்தது. அரசாங்கம் விசாரணை நடத்தி 1956ஆம் ஆண்டு அறிக்கை வெளியிட வேண்டியதாயிற்று. அவசரகால விதிகள் முழு வேகத்தில் நடைமுறையிலிருந்த நாளிலேயே, ஒரு சிற்றூரின் பெண்கள் எழுப்பிய குரலுக்கு விசாரணை அமைந்தது என்பது நினைவிற்கொள்ளத் தக்கது. அதிகாரம் இருந்ததா என்பது அங்கே எழுந்த கேள்வியன்று. இருந்த அதிகாரத்தை எவ்வாறு செலுத்தினார்கள் என்பதே கேள்வி.

பிரகடனம் தானே அதிகாரம் ஆகாது

சுதந்திரத்திற்குப் பிறகு அவசரகாலத்தைப் பிரகடனம் செய்யும் அதிகாரம் கூட்டரசு அரசியலமைப்பின் 150ஆம் விதியில் அடங்கியுள்ளது. நாட்டின் பாதுகாப்புக்கோ பொருளாதார வாழ்வுக்கோ பொது ஒழுங்குக்கோ கடும் ஆபத்து நேர்ந்துள்ளது என்று மாமன்னர் திருப்தியுற்றால் பிரகடனம் வெளியிடலாம். இந்தோனேசியாவுடன் ஏற்பட்ட மோதலின்பொழுது 1964ஆம் ஆண்டிலும், சரவாக்கிற்கென 1966ஆம் ஆண்டிலும், மே 13 கலவரத்திற்குப் பின் 1969ஆம் ஆண்டிலும், கிளந்தானுக்கென 1977ஆம் ஆண்டிலும் இவ்வாறு பிரகடனங்கள் வந்தன. அவற்றுள் பெரும்பாலானவை பல்லாண்டுகள் ஏட்டில் நிலைத்திருந்து, 2011ஆம் ஆண்டின் இறுதியில் நாடாளுமன்றத்தின் தீர்மானங்களால் முடிவுக்கு வந்தன. அண்மையில் கோவிட் நோய்ப் பரவலின்பொழுது 2021ஆம் ஆண்டு ஜனவரி முதல் ஆகஸ்டு 1 வரை நாடு மீண்டும் அவசரகாலத்தின்கீழ் இருந்தது.

இங்கே பலரும் தவறவிடும் ஒரு நுட்பம் உண்டு. பிரகடனம் வெளியான அக்கணமே போலீஸாருக்குப் புதிய சோதனை அதிகாரம் பிறந்துவிடுவதில்லை. பிரகடனம் ஒரு கதவைத் திறக்கிறது. அதன் வழியே அவசரச் சட்டங்கள் இயற்றப்படுகின்றன. எந்த அதிகாரிக்கு எந்த அதிகாரம் என்பது அச்சட்டங்களின் வாசகத்தில்தான் இருக்கும். ஆகவே அவசரகாலத்திற்கு அவசரகாலம் நிலைமை வேறுபடும். 1948ஆம் ஆண்டில் அரிசி மூட்டையைத் தேடி வீட்டுக்குள் வர விதி இருந்தது. 2021ஆம் ஆண்டின் அவசரச் சட்டமோ, குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்படி போலீஸாருக்குள்ள அதிகாரங்களை இராணுவத்தினருக்கும் வழங்கியது. சீருடை மாறியது, அந்தச் சீருடைக்குக் கிடைத்த அதிகாரம் பழைய நடைமுறைச் சட்டத்தினின்றே வந்தது.

எனினும் 150ஆம் விதியின் வலிமையைக் குறைத்து மதிப்பிடலாகாது. அதன்கீழ் இயற்றப்படும் சட்டம் அரசியலமைப்பின் ஏனைய விதிகளுக்கு மாறாக இருந்தாலும் செல்லுபடியாகும். சமயம், குடியுரிமை, மொழி முதலிய சிலவற்றை மட்டுமே அது தொடவொண்ணாது. நம் அரசியலமைப்பின் 5ஆம் விதி தனிமனிதச் சுதந்திரத்தைக் காக்கிறது. வீட்டின் அந்தரங்கம் என்று தனியாக ஒரு விதி அதில் எழுதப்படவில்லை. எனவே அவசரச் சட்டம் ஒன்று, இன்ஸ்பெக்டர் பதவி வேண்டும் என்ற நிபந்தனையை நீக்கிவிட்டால், அது நீங்கியதுதான். இதனை மறைத்துப் பேசுவதில் பயனில்லை.

பிரகடனம் இல்லாத காலத்திலும் அவசரகாலத்தை ஒத்த அதிகாரங்கள் உண்டு என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். 1960ஆம் ஆண்டில் வந்த உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் 2012ஆம் ஆண்டில் இரத்தாயிற்று. அவ்வாண்டிலேயே நடைமுறைச் சட்டத்தில் 116ஏ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டது. பாதுகாப்புக் குற்றங்களுக்கும் திட்டமிட்ட கும்பற் குற்றங்களுக்கும் உரிய சான்று ஓரிடத்தில் மறைந்திருப்பதாகச் சந்தேகிக்க நியாயமான காரணம் இருந்து, வாரண்டுக்குக் காத்திருந்தால் நோக்கம் கெடும் என்றும் நம்பினால், இன்ஸ்பெக்டர் பதவிக்குக் குறையாத அதிகாரி வாரண்டு இன்றி நுழைந்து சோதிக்கலாம். தேசியப் பாதுகாப்பு மன்றச் சட்டம் 2016ஆம் ஆண்டு ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. "பாதுகாப்புப் பகுதி" என்று அறிவிக்கப்பட்ட இடத்தில் பாதுகாப்புப் படையினர் வாரண்டு இன்றி ஆட்களையும் வாகனங்களையும் கட்டடங்களையும் சோதிக்க அது வழிசெய்கிறது. லயம் முழுவதையும் வரிசையாகச் சோதிப்பதென்பது சாதாரணக் களவு வழக்கில் இயலாது என்று மேலே கூறினோம். பாதுகாப்புப் பகுதிக்குள் அந்த வாதம் அவ்வளவாகச் செல்லாது.

பதவி குறைந்தவர் சோதித்தால்?

அப்படியானால், அதிகாரமில்லாத ஒருவர் சோதனையிட்டு எதையேனும் கண்டெடுத்தால், "சோதனையே செல்லாது, ஆகவே சான்றும் செல்லாது" என்று நீதிமன்றத்தில் வாதிட்டுத் தப்பிக்கலாம் அல்லவா என்று சிலர் எண்ணுவர். இதற்குரிய விடை, கசப்பானதாயினும், தெரிந்துகொள்ள வேண்டியது. அது கென்யா நாட்டிலிருந்து வந்தது.

கென்யாவில் 1952ஆம் ஆண்டு அவசரகாலம் அறிவிக்கப்பட்டிருந்தது. அங்கிருந்த விதியின்படி, வாரண்டு இன்றிச் சோதனையிட உதவி இன்ஸ்பெக்டர் பதவியேனும் வேண்டும். சைக்கிளில் சென்ற குருமா என்பவரைச் சாலைத் தடுப்பில் நிறுத்திச் சோதித்தவர்களோ அப்பதவிக்குக் கீழ்ப்பட்டவர்கள். அவரிடம் இரண்டு துப்பாக்கி ரவைகள் இருந்ததாக வழக்குத் தொடரப்பட்டது. அவர் மறுத்தார். அவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீடு இலண்டன் பிரிவி கவுன்சிலுக்குச் சென்றது. அந்நாளில் நம் நாட்டு வழக்குகளுக்கும் அதுவே இறுதி மன்றம். 1955ஆம் ஆண்டு வழங்கிய தீர்ப்பில், சான்று வழக்குக்குப் பொருத்தமானதா என்பதே முதற்கேள்வி, அது எவ்வாறு கிடைத்தது என்பதன்று என்று கூறி மன்றம் முறையீட்டைத் தள்ளியது. சான்றைச் சேர்ப்பது குற்றஞ்சாட்டப்பட்டவருக்குப் பெரும் அநீதியாகும் என்று கண்டால் அதனை விலக்க நீதிபதிக்கு உரிமை உண்டு என்பதையும் அது ஒப்புக்கொண்டது. நம் நாட்டு நீதிமன்றங்களும் பொதுவாக இவ்வழியையே பின்பற்றி வந்துள்ளன.

எனவே, சோதித்தவரின் பதவி குறைவு என்பதை மட்டும் நம்பியிருப்பவர் ஏமாறக்கூடும். வழக்கு பெரும்பாலும் "அப்பொருள் அங்கே இருந்ததா, எங்கே இருந்தது, யார் எடுத்தார்கள்?" என்பதிலேயே தங்கி நிற்கும். அந்த இடத்தில்தான் நாம் அடுத்துக் கூறப்போகும் இரண்டு சிறிய பிரிவுகள் தங்கத்தின் மதிப்பைப் பெறுகின்றன.

உடனிருத்தலும் பட்டியலும்

நடைமுறைச் சட்டத்தின் 64ஆம் பிரிவு, சோதனையில் கைப்பற்றிய பொருள்கள் ஒவ்வொன்றையும், அது எந்த இடத்தில் கிடைத்தது என்பதையும் பட்டியலாக எழுதி, சோதித்த அதிகாரி கையொப்பமிட வேண்டும் என்கிறது. 65ஆம் பிரிவு, வீட்டில் குடியிருப்பவரோ அவர் சார்பில் ஒருவரோ சோதனை நடக்கும்பொழுது உடனிருக்க எப்பொழுதும் அனுமதிக்கப்பட வேண்டும் என்கிறது. அவர் கேட்டால் பட்டியலின் நகலையும் கொடுக்க வேண்டும். 'கேட்டால்' என்ற சொல்லைக் கவனியுங்கள். கேளாதவருக்குக் கொடுத்தே தீர வேண்டும் என்று சட்டம் கூறவில்லை. அதிகாரியிடம் கேட்பது மரியாதைக் குறைவு என்று எண்ணி வாளாவிருக்கும் நம் பழக்கம் இங்கே நமக்கே தீங்காகிறது.

உடனிருக்கும் உரிமை 'குடியிருப்பவருக்கு' உரியது, சொந்தக்காரருக்கு அன்று. லயத்து வீடு தோட்ட நிறுவனத்தின் சொத்து. எனவே நிர்வாகி உடன் நின்றால் போதும் என்று சிலர் நினைக்கின்றனர். வீட்டின் சுவர் நிறுவனத்துடையதாக இருக்கலாம். உள்ளே குடியிருப்பது தொழிலாளியின் குடும்பம். உடனிருந்து பார்க்கவும் நகல் கேட்கவும் சட்டம் சுட்டுவது அக்குடும்பத்தையே.

நம் தோட்டங்களில் மற்றொரு சங்கடமும் உண்டு. விடியுமுன் பெரட்டு, பிறகு கணவனும் மனைவியும் பால் காட்டில். நண்பகல் வரை வீட்டில் இருப்பது பாட்டியும் பிள்ளைகளுமே. சோதனைக்கு வருபவர் அந்நேரத்தில் வந்தால், திகைத்துப்போன முதியவள் வாசலுக்கு வெளியே நின்றுவிடுகிறாள். உள்ளே நடந்தது இன்னதென்று சொல்ல ஆளில்லை. வீட்டுக்காரர் சார்பில் உடனிருக்க வேறொருவருக்கும் சட்டம் இடமளித்திருப்பதால், அந்தப் பாட்டியோ அவள் அழைக்கும் பக்கத்து வீட்டாரோ உள்ளே நின்று பார்க்கலாம். காட்டுக்கு ஆளனுப்பி வீட்டுக்காரரை வரவழைக்கும்வரை பொறுக்குமாறு பணிவுடன் வேண்டிக்கொள்வதிலும் தவறில்லை. அதிகாரி பொறுத்தே ஆக வேண்டும் என்பதில்லை, கேட்பதற்குத் தடையுமில்லை. வீட்டிலுள்ள முதியோரிடம் இதனை முன்கூட்டியே சொல்லி வைப்பது நன்று.

வீட்டைச் சோதிப்பது வேறு. ஆளைச் சோதிப்பது வேறு. தேடப்படும் பொருள் உடம்பில் மறைக்கக் கூடியதாயின், சோதனை முடியும்வரை வீட்டிலுள்ளோரை நிறுத்தி வைத்து அவர்களையும் சோதிக்கலாம் என்கிறது 17ஆம் பிரிவு. அது மாஜிஸ்திரேட், அமைதிக் காப்பாளர் அல்லது இன்ஸ்பெக்டர் பதவிக்குக் குறையாத போலீஸ் அதிகாரி ஆகியோரில் ஒருவராலோ அவர் முன்னிலையிலோ நடைபெற வேண்டும். பெண்ணைச் சோதிக்க வேண்டுமாயின், கண்ணியம் சிறிதும் குறையாமல், இன்னொரு பெண்ணே சோதிக்க வேண்டும் என்று 19ஆம் பிரிவு கட்டளையிடுகிறது. பெண் போலீஸ் வரும்வரை காத்திருக்கிறேன் என்று ஒரு பெண் கூறுவது எதிர்ப்பு ஆகாது. அது சட்டம் கூறுவதைத் திரும்பக் கூறுவதே. இக்காலத்தில் கைத்தொலைபேசியும் சோதனைக்குள் வந்துவிட்டது. சோதனை நடத்தும் இன்ஸ்பெக்டர் நிலை அதிகாரி கணினித் தகவலைப் பார்வையிடவும், அதற்குரிய கடவுச்சொல்லைக் கோரவும் 116பி பிரிவு இடமளிக்கிறது.

வந்தவர் சாதாரண உடையில் இருந்தால் அதிகார அட்டையைக் காட்டும்படி கேட்கலாம். பெயர், பதவி, எந்தப் போலீஸ் நிலையம், எதைத் தேடி வந்திருக்கிறார்கள் என்பவற்றைக் கேட்டு, பிள்ளையின் பள்ளிக்கூட நோட்டிலாவது குறித்துக்கொள்ளலாம். நேரத்தையும் எழுதிக்கொள்ள வேண்டும். வாரண்டு இல்லையென்றால், "இந்தச் சோதனைக்கு நான் இணங்கவில்லை, ஆனால் தடுக்கவும் இல்லை" என்று சொல்வது போதுமானது. கையால் தள்ளுவதும் கதவை அடைத்துத் தாழிடுவதும் கூடவே கூடாது. தண்டனைச் சட்டத்தின் 99ஆம் பிரிவின்படி, ஓர் அரசாங்க ஊழியர் தம் பதவியின் பேரில் நல்லெண்ணத்தோடு செய்யும் செயல், கண்டிப்பாகப் பார்த்தால் சட்டத்திற்கு முற்றும் பொருந்தாததாக இருந்தாலும், உயிருக்கோ கடுங்காயத்திற்கோ அஞ்ச இடமில்லாதவரை அதனைப் பலாத்காரமாக எதிர்க்கும் தற்காப்பு உரிமை நமக்கு இல்லை. வாதம் செய்ய வேண்டிய இடம் நீதிமன்றம்.

சோதனை முடிந்ததும் பட்டியலை வாசிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். அதில் உள்ளது வீட்டில் கிடைத்ததோடு ஒத்திருக்கிறதா, 'கட்டிலின் அடியில்' என்பதும் 'வீட்டின் பின்புறத்தில்' என்பதும் மாறியிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். லயத்தின் பின்புறம் எல்லோரும் புழங்கும் இடம். கட்டிலின் அடி அப்படியன்று. வழக்கில் இந்த ஒரு சொல்லே ஒருவரைச் சிறைக்கு அனுப்பவோ வீட்டுக்கு அனுப்பவோ போதும். நகலைப் பெற்று அடையாளக் கார்டோடு பத்திரப்படுத்த வேண்டும்.

சோதனை முறைகேடாக நடந்தது என்று கருதுவோர், வேறொரு போலீஸ் நிலையத்திலாவது புகார் எழுதிக் கொடுத்து அதன் நகலைப் பெறலாம். தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கக் கிளையையோ மனித உரிமை ஆணையத்தையோ அணுகலாம். 2023ஆம் ஆண்டு ஜூலை முதல், போலீஸாரின் நடத்தை குறித்த முறையீடுகளை ஏற்கத் தனி ஆணையம் ஒன்றும் இயங்கி வருகிறது. வழக்குத் தொடரப்பட்டு, வழக்கறிஞர் வைத்துக்கொள்ள வசதியற்றவர்கள் தேசியச் சட்ட உதவி அறவாரியத்தின் உதவியை நாடலாம்.

கைப்பற்றப்பட்ட பொருள் என்ன ஆகும் என்று கேட்போரும் உண்டு. மோட்டார் சைக்கிளையோ மனைவியின் தாலிக்கொடியையோ களவுப்பொருள் என்ற சந்தேகத்தில் எடுத்துச் சென்றிருந்தால், அதனைப் போலீஸார் தாமே வைத்துக்கொள்ள முடியாது. 413ஆம் பிரிவின்படி, அவ்வாறு கைப்பற்றியதை மாஜிஸ்திரேட்டுக்கு உடனே தெரிவிக்க வேண்டும்; யாரிடம் ஒப்படைப்பது என்பதை அவரே ஆணையிடுவார். வாங்கிய இரசீது, அடகுக்கடைச் சீட்டு, வாகனப் பதிவுப் பத்திரம் ஆகியவற்றுடன், மேலே சொன்ன பட்டியலின் நகலையும் எடுத்துக்கொண்டு, எந்த நாளில் மாஜிஸ்திரேட் முன்னிலையில் அது விசாரணைக்கு வருகிறது என்பதைப் புலனாய்வு அதிகாரியிடம் கேட்டறிந்து அன்றைக்கு நீதிமன்றத்தில் நேரில் இருத்தல் வேண்டும்.